அந்த முதலாளி உன் கல்யாணத்துக்கு வரக்கூடாது

சுதா,

என் போனை எடுப்பதில்லை என்று முடிவு பண்ணிவிட்டாய். சரி, எடுக்காதே. உன் அப்பாவிடம் சொல்லியனுப்பிய செய்தி எனக்குக் கிடைத்தது. வருஷப்பிறப்பன்று நான் செய்த காரியத்துக்காக உன் ரேஸ் முதலாளி வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்க வேண்டுமாம். கேட்டால்தான் ஆவணியில் நீ தாலி கட்டும்போது நான் மேடையில் நிற்கலாமாம். பாவம் அந்த மனுஷன், இதை என்னிடம் சொல்லி முடிப்பதற்குள் இரண்டு தடவை வாசலுக்குப் போய் பீடி பற்றவைத்துவிட்டு வந்தார். வாயால் பதில் சொன்னால் நான் கெட்ட வார்த்தையில்தான் தொடங்குவேன் என்று எனக்கே தெரியும். அதனால்தான் எழுதுகிறேன். இது உனக்கு மட்டும் போகிற கடிதம் இல்லை. நம் தோட்டத்திலும் பக்கத்துத் தோட்டங்களிலும் எந்தெந்த வீட்டில் மோட்டார் சைக்கிள் ரேஸ் என்று ஒரு பிள்ளை பைத்தியம் பிடித்து அலைகிறதோ, அந்த வீட்டுக்கெல்லாம் இதைப் படம் பிடித்துப் போனில் அனுப்பப் போகிறேன். உன் முதலாளிக்கும் காட்டு. மாணிக்கக்கல் வியாபாரத்தில் இரத்தினபுரியில் மாடி வீடு கட்டியிருந்தாலும், அவரும் தோட்டத்து லயத்து வரிசை வீட்டில் பிறந்த ஒருவரின் மகன்தான். தமிழ் நன்றாகவே வாசிப்பார்.

மன்னிப்புக் கேட்கமாட்டேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கடைசிப் பக்கத்தில் அம்மா இளகிவிடுவாள் என்று நினைத்து நீ அவசரப்பட்டுப் புரட்ட வேண்டாம். அவர் உன் கல்யாணத்துக்கு மண்டபம் எடுத்துத் தருகிறாரா, நகை போடுகிறாரா, எனக்குத் தெரியாது. அவர் அந்த மண்டபத்துக்குள் கால் வைத்தால் நான் வாசலில் நின்று மண்ணை வாரித் தூற்றுவேன். நல்ல காரியம் நடக்கிற இடத்தில் இப்படிச் செய்வாளா ஒரு தாய் என்று ஊர் கேட்கட்டும். கேட்கிறவர்களுக்குச் சொல்ல என்னிடம் கதை இருக்கிறது. அந்தக் கதையை நீ உன் வாயால் ஒருநாளும் சொல்லமாட்டாய் என்பதால் நான் சொல்கிறேன்.

நீ முதல்முதல் அந்த மண் தடத்தில் ஓடிய நாள் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. ருவான்வெல்லைப் பக்கம், முட்டை மாதிரி வளைத்துப் போட்ட தடம். வண்டிகளில் பிரேக் கிடையாது என்று அங்கே போய் நின்ற பிறகுதான் எனக்குத் தெரியும். தெரிந்திருந்தால் உன்னைக் கட்டிப்போட்டிருப்பேன். திருப்பத்தில் வண்டியைச் சரித்து, இடது காலைத் தரையில் ஊன்றி, மண்ணை வாரி இறைத்துக்கொண்டு போக வேண்டும். அந்தக் காலுக்கு இரும்புத் தகடு அடித்த சப்பாத்து வேண்டும் என்று நீ சொன்னதும், உன் அப்பா ரப்பர் ஃபெக்டரியில் கழித்துப்போட்ட ஒரு தகட்டை வாங்கிவந்து, ராத்திரிச் சாப்பாட்டையும் மறந்து தட்டிக்கொண்டிருந்தார். லயத்தில் பக்கத்துக் காம்பரா வீட்டுக்காரர்கள் சத்தம் போட்டார்கள். "எம் மகன் ரேஸ் ஓடப்போறான்" என்று அவர் அவ்வளவு பெருமையாகச் சொன்னதை நான் அதற்கு முன்னாலும் கேட்டதில்லை, பின்னாலும் கேட்கவில்லை. அன்று நீ முதலாவதாக வந்தாய். கோப்பையைத் தூக்கிப் பிடித்தாய். பரிசுப் பணம் எழுதிய பெரிய அட்டைச் செக்கை நீயும் முதலாளியுமாகப் பிடித்துக்கொண்டு படம் எடுத்தார்கள். படம் எடுத்து முடிந்ததும் செக் அவர் காருக்குள் போனது.

நான் கேட்டேன். நான் வாயை மூடிக்கொண்டு இருந்தவள் என்று யாரும் நினைக்க வேண்டாம். கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு, "பையனுக்கு எவ்வளவுங்க கெடைக்கும்?" என்று அன்றைக்கே கேட்டேன். அவர் சிரித்தார். "என்னாங்க அக்கா, வண்டி என்னோடது, எண்ணெய் என்னோடது, டயர் என்னோடது. இப்பதான் பழகுறான். புள்ளைக்கு எதிர்காலம் இருக்குங்க. வருசப்பொறப்புக்கு வீட்டுக்கு வரச் சொல்லுங்க, நான் பாத்துச் செய்றேன்" என்றார். செய்தார். எப்படிச் செய்தார் என்பதைத்தான் எல்லாத் தாய்மாரும் காதைத் தீட்டிக்கொண்டு கேட்க வேண்டும்.

இந்தப் பக்கம் நாம் சிங்கள ஊர்களோடு ஒட்டிப் பிழைக்கிறவர்கள். வருஷப்பிறப்புக்கு வெற்றிலைக் கட்டைக் கையில் கொடுத்து, முழங்காலில் நின்று பெரியவர்களைக் கும்பிடுகிற பழக்கம் அவர்களிடமிருந்து நமக்கு வந்தது. கும்பிட்டு எழுந்ததும் ராசிக்குக் கைவிசேஷக் காசு வாங்குவது நம்முடையது. இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போட்டார் முதலாளி. வருஷம் பூராவும் அவருக்காக ஓடுகிற பிள்ளைகள் எல்லாம் அன்று வெற்றிலையோடு அவர் வீட்டுக்குப் போக வேண்டும். வரிசையாக விழுந்து கும்பிட வேண்டும். ஆளுக்கு ஒரு கவர் கிடைக்கும். அவ்வளவுதான். அதற்கு மேல் சம்பளம் கிடையாது, பரிசில் பங்கு கிடையாது. கைவிசேஷத்தை யாராவது எண்ணுவார்களா, சுதா? கண்ணில் ஒற்றிக்கொண்டு மடியில் வைப்போம். கொடுக்கிற கை ராசியான கையா என்று பார்ப்போமே தவிர எவ்வளவு என்று பார்க்கமாட்டோம். குறைகிறது என்று யாராவது திரும்பிப்போய்க் கேட்டால் காறித் துப்புவார்கள். நம்முடைய அந்தக் கூச்சத்தில்தான் இந்த ஆள் இத்தனை வருஷமாகக் குளிர்காய்ந்திருக்கிறார்.

அடுத்த வருஷம் நான் மறுபடி கேட்டபோது அவர் முகம் வாடிப்போன மாதிரிப் பண்ணினார். "கால்ல விழுந்து கும்புட்ட புள்ளைக்கு நான் சம்பளம் குடுத்தா நல்லா இருக்குமாங்க? நான் அவனுக்கு அப்பன் மாதிரி" என்றார். நாக்கைப் பிடுங்குகிற மாதிரி நாலு வார்த்தை கேட்டிருக்க வேண்டும். வீட்டுக்கு வருகிற பஸ்ஸில்தான் எல்லா வார்த்தையும் வந்தது. "அப்பன் மாதிரி"யாம்! சொந்த அப்பன் இங்கே ரப்பர் புகையில் இருமிக்கொண்டு உனக்குத் தகடு தட்டுகிறார்.

பிறகு நீ விழுந்தாய். முன்னால் போனவன் சறுக்கியதும் நிறுத்த பிரேக் ஏது? இரத்தினபுரி ஆஸ்பத்திரியில் உன் காலுக்குள் கம்பி வைத்தார்கள். முதலாளி வந்தார். கையில் ஒரு பை அப்பிள், கூடவே போனைத் தூக்கிப் பிடித்தபடி ஒருவன். உன் தலைமாட்டில் நின்று படம் எடுத்துக்கொண்டு போனார். உன் வண்டியின் முன்பக்கம் வளைந்துவிட்டதாம், அந்தச் செலவைப் போகிற போக்கில் என் காதில் போட்டுவிட்டுப் போனார். அந்த அப்பிளையெல்லாம் நான் குழந்தை பார்க்கிற பிள்ளைமடுவத்துக்குக் கொண்டுபோய்க் குழந்தைகளுக்கு வெட்டிக் கொடுத்தேன். நான் ஒரு துண்டு வாயில் வைக்கவில்லை. அந்த வருஷம் உன் கவர் மெலிந்திருந்தது. நீ எண்ணவில்லை. நானும் எண்ணவில்லை, ஆனால் தொட்டுப் பார்த்தேன்.

இனிமேல் ஓடக்கூடாது என்று டொக்டர் சொன்னதும் உன்னை மெனேஜர் ஆக்கினார்கள். நெஞ்சில் பெயர் தைத்த வெள்ளைச் சேர்ட். "மாசச் சம்பளம்மா" என்றாய். உன் அப்பா கோவிலில் தேங்காய் உடைத்தார். நீ மாதாமாதம் காசு அனுப்பினாய், நானும் வாங்கிச் செலவழித்தேன், நாலு பேரிடம் சொல்லிக்கொண்டேன். பழையதை மறந்துவிடலாம், பிள்ளைக்கு ஒரு வழி பிறந்துவிட்டது என்றுகூட நினைத்தேன். அப்படியே இருந்திருப்பேன், நீ அன்று லயத்துக்கு வராமல் இருந்திருந்தால்.

முதலாளியின் காரில் வந்து இறங்கினாய். நம் வீட்டுக்கு வரவில்லை, நேரே பூமணி வீட்டுக்குப் போனாய். அவள் மகன் கவி சைக்கிளில் வித்தை காட்டுகிறான் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். நான் பிள்ளைமடுவத்து வாசலில் ஒரு குழந்தைக்குச் சோறு ஊட்டிக்கொண்டு நின்றேன். உன் குரல் எனக்குத் தெளிவாகக் கேட்டது. "புள்ளைக்கு எதிர்காலம் இருக்குங்க அக்கா. முதலாளி பாத்துச் செய்வாரு" என்றாய். ஒரு எழுத்து மாறவில்லை. பூமணி கையெடுத்துக் கும்பிட்டாள். பிறகு அடுத்த வீடு, அதற்கடுத்த வீடு. நீ கூட்டிக்கொண்டு போன அத்தனை பிள்ளைகளையும் நான் தொட்டிலில் போட்டு ஆட்டியிருக்கிறேன். ரப்பர் பால் வெட்டப் போகிற தாய்மார் விடியக்காலையில் தூக்கக் கலக்கத்தோடு என் கையில் கொடுத்துவிட்டுப் போன பிள்ளைகள். அன்றைக்குத்தான் என் வயிறு பற்றிக்கொண்டது, சுதா. முதலாளி உன் காலை உடைத்ததைக்கூட விதி என்று விட்டிருப்பேன். உன் வாயை எடுத்துக்கொண்டதை விடமாட்டேன்.

வருஷப்பிறப்பன்று நடந்ததற்குப் பூமணியை நான்தான் தூண்டிவிட்டேன். உன் முதலாளி யாரோ தொழிற்சங்கத்துக்காரன் பின்னால் இருக்கிறான் என்று சொல்லித் திரிகிறாராம். ஒருவனும் இல்லை. ஒரு வருஷம் கவி ஓடினான், நன்றாகவே ஓடினான், கோப்பையும் கொண்டுவந்தான், வீட்டுக்கு ஒரு சதம் வரவில்லை. வருஷப்பிறப்பு நெருங்கியபோது நான் பூமணியிடம் சொன்னேன், "இந்தத் தடவ நாமளும் கூடப் போவோம். கவரக் குடுத்தவொடன அங்கேயே ஒக்காந்து எண்ணுவோம்" என்று. அவள் வாயில் கையை வைத்துக்கொண்டாள்.

"ஐயோ, கைவிசேஷத்த எண்ணுனா ஊரே சிரிக்குங்க அக்கா!"

"சிரிக்கட்டுமே. அவரு வீட்டு வெறாந்தாவுல வச்சிச் சிரிக்கட்டும்."

அப்படித்தான் நாங்கள் தாய்மார் எல்லோரும் இருக்கிற நல்ல சேலையைக் கட்டிக்கொண்டு வந்தோம். உனக்கு ஒன்றும் விளங்கவில்லை. "அம்மாவும் வந்திருக்காங்க" என்று சந்தோஷமாகச் சொன்னாய். பாற்சோறும் கொக்கிஸ் பலகாரமும் கொடுத்து உட்காரச் சொன்னாய். வெறாந்தா நிறைய ஆட்கள். ரேஸுக்குக் காசு போடுகிற டயர்க்கடைக்காரர், வேறு பெரிய மனுஷர்கள், அவர்களுக்குப் பக்கத்தில் உனக்கு மாமனாராகப் போகிறவர். உன் மதிப்பைக் காட்ட நீ அவரை அழைத்திருந்தாய் என்பது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் மட்டும் விட்டிருப்பேனா? சத்தியமாகச் சொல்ல முடியவில்லை. நீ கவர்கள் வைத்த தட்டை ஏந்தி நின்றாய். பிள்ளைகள் ஒவ்வொருவராக விழுந்து எழுந்தார்கள். முதலாளி தட்டிலிருந்து கவரை எடுத்து எடுத்துக் கொடுத்தார். கவி வாங்கியதும் பூமணி அதைப் பிடுங்கி, தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்து, கவரைக் கிழித்து, சத்தமாக எண்ணத் தொடங்கினாள். அவள் குரல் நடுங்கியது. இரண்டாவது தாயும் உட்கார்ந்தபிறகு நடுக்கம் நின்றுவிட்டது. சந்தையில் மாங்காய் எண்ணுகிற மாதிரி எல்லோரும் சேர்ந்து எண்ணினோம்.

முதலாளி முகத்தில் ஈயாடவில்லை. "என்னா இது, நல்ல நாளும் அதுவுமா?" என்றார். "நல்ல நாளுன்னுதாங்க வந்தோம். இது கைவிசேஷம்னா சந்தோசம், வாங்கிக்கிறோம். வருசம் பூரா ஓடுனதுக்குக் கூலி எங்கங்க?" என்று கேட்டேன். என்ன சுகமாக இருந்தது தெரியுமா, அந்தக் கேள்வியை அவர் வீட்டுப் பளிங்குத் தரையில் உட்கார்ந்து கேட்க! டயர்க்கடைக்காரர் கையிலிருந்த தேத்தண்ணீரைக் கீழே வைத்தார். "ஏன் முதலாளி, ஓடுற பொடியன்மாருக்குன்னு நாங்க வேறயா காசு தர்றோமே, அது?" என்றார். முதலாளி உள்ளே யாரையோ கூப்பிடுகிற மாதிரி எழுந்து போனார். போகும்போது வெற்றிலைக் கட்டுகளை மிதித்துக்கொண்டு போனார்.

அங்கேயே நான் எழுந்திருக்க வேண்டும். ஆனால் தட்டில் ஒரு கவர் மிச்சமிருந்தது. ஏதோ ஒரு பிள்ளை வரவில்லை, அவனுடையதையும் எண்ணிவிடுவோம் என்று எடுத்தேன். எண்ணி முடித்து, தொகையைச் சத்தமாகச் சொல்லிவிட்டு, யாருடையது என்று பார்க்கக் கவரைத் திருப்பினேன். உன் பெயர். கவிக்குக் கிடைத்த அதே தொகை. நீ தட்டைக் கீழே போட்டாய். "மானத்த வாங்கிட்டீங்கம்மா" என்றாய். உன் மாமனாராகப் போகிறவர் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார். மாசச் சம்பளமாவது மண்ணாவது! மெனேஜர் என்று சேர்ட்டில் தைத்துவிட்டு, உனக்கும் அதே கவரைத்தான் கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறான் அந்த ஆள். உன் கோபம் அவருக்காக இல்லை, உன் குட்டு உடைந்ததற்காக. அதை நான் அறிவேன். அறிந்தும் மன்னிப்புக் கேட்கமாட்டேன், ஏனென்றால் உன் மானத்தை வாங்கியது எண்ணின கை இல்லை.

போன ஞாயிற்றுக்கிழமை நிரோஷா வந்தாள். நீ கட்டிக்கொள்ளப் போகிற பெண். அவிசாவளையில் கார்மண்ட் ஃபெக்டரியில் ஓவர்டைம் முடித்துவிட்டு, பஸ் ஏறி, மலையேறி, தனியாக வந்தாள். கல்யாணம் வேண்டாம் என்று சொல்லத்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். அவள் உட்கார்ந்ததும், "அத்த, அவருக்குச் சம்பளம் இல்லன்னு எனக்கு ரொம்ப நாளா தெரியும்" என்றாள். எப்படி என்று கேட்டேன். "மாசா மாசம் வீட்டுக்கு அனுப்பணும்னு எங்கிட்டதான கைமாத்து வாங்குவாரு" என்றாள்.

டேய் சுதா, நான் நாலு பேரிடம் பெருமையடித்துக்கொண்டு வாங்கித் தின்ற அரிசி அந்தப் பெண் நாள் பூராவும் மெஷினில் குனிந்து தைத்த காசா? அவள் என்னைச் சமாதானப்படுத்தினாள். "அவரு இல்லாதவருங்கிறது எனக்குப் பெரிசில்லத்த. பொய் சொன்னதுதான். அந்த முதலாளி குடுக்கிற மண்டபம் வேணாம். கோவில்ல கட்டச் சொல்லுங்க" என்றாள். அப்பாவிடம் பேசிச் சமாளித்தும் விட்டாளாம். தேத்தண்ணீர் கொடுத்தேன், சீனி போட மறந்துவிட்டேன், அவள் ஒன்றும் சொல்லாமல் குடித்தாள். கல்யாணம் கட்டப் போகிற பிள்ளைக்குத் தாய் புத்தி சொல்ல வேண்டும் என்பார்கள். என் புத்தி இதுதான்: கையில் இருப்பது எவ்வளவு என்று அவளிடம் சரியாகச் சொல். குறைவாக இருந்தால் குறைவு என்று சொல். யார் எதைக் கொடுத்தாலும் அவள் முன்னால் எண்ணிப் பார். எண்ணினால் கோபப்படுகிறவனிடம் வேலைக்குப் போகாதே.

முதலாளியின் வண்டிகள் இப்போது தார்ப்பாய்க்கு அடியில் நிற்பதாகக் கவி சொன்னான். வயது வராத பிள்ளைகள் ஓடத் தாயோ தகப்பனோ கையெழுத்துப் போட வேண்டும் அல்லவா? எங்கள் தோட்டத்தில் ஒருத்தியும் போடவில்லை. புதுவருஷப் போட்டிக்கும் ஆளில்லை, அடுத்ததற்கும் ஆளில்லை. டயர்க்கடைக்காரர் காசை நிறுத்திவிட்டாராம். இதைக் கேட்ட அன்று நான் பாயாசம் காய்ச்சினேன். உன் அப்பா, "போதும்டி, விட்டுடு, அவரு ஒடஞ்சிட்டாரு" என்கிறார். எனக்குப் போதவில்லை. பிள்ளைகளுக்குச் சேர வேண்டியது சேர்ந்தால் மட்டும் எனக்கு ஆறாது. அவர் வெட்கப்பட வேண்டும். இரத்தினபுரிக் கடைத்தெருவில் நடக்கும்போது நாலு பேர் திரும்பிப் பார்த்து, இவன்தான் பிள்ளைகள் கூலியைத் தின்றவன் என்று சொல்ல வேண்டும். நான் நல்லவள் என்று காட்டுவதற்காக இதை மறைக்கமாட்டேன்.

நானும் பூமணியும் இரத்தினபுரிக்குப் போய்த் தொழில் காரியாலயத்தில் கூலிப் பாக்கி பற்றி விசாரித்தோம். அங்கே இருந்த அம்மா சிங்களத்தில் பொறுமையாகத்தான் பேசினார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அவர் இதை விளையாட்டு என்பார், ஏழைப் பிள்ளைகளுக்கு உதவி செய்தேன் என்பார். இது வேலைதான் என்று காட்ட, உள்ளே இருந்து எல்லாம் பார்த்த ஆள் ஒருவர் வந்து சொல்ல வேண்டும். பயிற்சிக்கு எத்தனை மணிக்கு வரச் சொன்னார், வராவிட்டால் என்ன செய்தார், யாருக்கு எவ்வளவு வெட்டினார் என்று தெரிந்த ஆள்" என்றார். பூமணி என் முகத்தைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன். அப்படி ஒரே ஒரு ஆள்தான் இருக்கிறான், அது நீ.

திங்கட்கிழமை காலையில் முறைப்பாடு எழுதிக் கொடுக்கப் போகிறோம். யட்டியாந்தோட்டை பஸ் நிலையத்தில் இரத்தினபுரிக்குப் போக முதல் அவிசாவளை பஸ்ஸுக்கு நிற்பேன். நீ வந்தால், உனக்கும் சேர வேண்டியதைச் சேர்த்து எழுதுவோம். அவருக்காக ரேஸ் ஓடியதும் நொண்டிக்கொண்டு அலைந்ததும் எல்லாம் அதில் வரும். வேலையை விட்டுவிட்டேன் என்று அவரிடம் சொல்லிவிட்டு வீட்டுக்கு வா. மூன்று பேரும் சாப்பிடுவதற்கு இங்கே இருக்கிறது, ஆவணியில் கோவிலில் கல்யாணத்தை நானே முன்னால் நின்று நடத்துவேன். நீ வராவிட்டாலும் அந்த பஸ் போகும், நானும் அதில் போவேன். இந்தப் பிள்ளைகளை வீடு வீடாக வந்து கூட்டிக்கொண்டு போனது யார் என்று அந்த அம்மா கேட்பார். கேட்டால் நான் பொய் சொல்லமாட்டேன். முதலாளியின் பெயருக்குக் கீழே என் மகனின் பெயரை நானே சொல்லுவேன்.

அம்மா